எழுபதாம் கதவு

டுலூத் கால்வாய்ப் பாலம், இரவுப் பணி.
ஒற்றை விரலால் ஆயிரம் டன் இரும்பை
உயர்த்தி இறக்குகிற வெர்னா க்விஸ்டிடம்
மடிக்கணினி சொல்கிறது:
எழுபதாம் கதவைத் திறக்க உனக்கு அனுமதி இல்லை.

சிரிக்கிறாள். சூடோ என்று தட்டுகிறாள்.
கடவுச்சொல், செத்துப்போன நாயின் பெயர்.
திறக்கிறது.

எலி வளையானாலும் தனி வளை.
படமும் விளம்பரமும் கிடையாது,
வந்தவர் எவரென்று யாரும் மோப்பம் பிடிக்கப் போவதில்லை.
கோஃபர் கேட்பதெல்லாம்
வரிக்கு எழுபது எழுத்து, நடுவில் ஒரு டேப்.

அந்த டேப்பில்தான் போயிற்று ஒன்றரை மணி நேரம்.
இடைவெளியை எட்டு முறை தட்டினாலும்
கண்ணுக்கு அதே வெற்றிடம்தான்;
கருவிக்கு அது வேறு.
பட்டியல் முழுதும் ஒரே கட்டியாய்
ஏரிக்கரைப் பனி மாதிரி உறைந்து நின்றது.
அழித்தாள். மறுபடி அடித்தாள். காபி ஆறியது.

பிறகு ஒரே கட்டளை, பதிப்பி:
கப்பல் பெயர், வந்த நேரம், ஏற்றி வந்தது என்ன,
காற்று, பனிக்கட்டியின் தடிமன்.
இதையெல்லாம் யார் படிப்பார் என்று
பகல்பணி ஆர்விட் ஒருமுறை கேட்டான்.
படிக்காமலும் போகட்டும், என்றாள்,
கப்பல் வந்தது வந்ததுதானே.

இன்றைய கோப்பில்
மூடுபனிக்குள் ஏதோ ஒரு விளக்கு, இன்னும்
என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊதியது:
நெடில், குறில், நெடில், குறில்.
எழுந்து ஓடினாள்.

மணி நான்கு. அவள் குறித்துவைத்த நேரப்படி
கருவி தானாகவே பதிப்பித்துவிட்டது
அந்தப் பாதி வாக்கியத்தை.
அதன் கீழே, நெறிமுறை கேட்கிறபடி,
தனி வரியில்
ஒரு புள்ளி

.