முப்பத்தேழாவது வரி

நீ ஒரு அறையில் இருக்கிறாய்.
கட்டில் ஒன்று, மேசை ஒன்று.
ஜன்னலுக்கு வெளியே கடல். ஜன்னல் திறக்காது.
கதவு பூட்டியிருக்கிறது.
என்ன செய்கிறாய்?

இவ்வளவுதான் விளையாட்டு.
படம் கிடையாது, சத்தம் கிடையாது.
கன்னியாகுமரியில், சன்னதித் தெருவுக்குப் பின்னால்,
உப்புக்காற்றில் பூட்டெல்லாம் இறுகிப்போன ஒரு லாட்ஜில்
ராத்திரி டூட்டியில் தூங்காமலிருக்க
பில் போடும் கம்ப்யூட்டரில் நான் எழுதின
முப்பத்தாறு வரி.

அதற்கு நாலு சொல்தான் தெரியும்:
பார், எடு, திற, போ.
குளியலறையைப் பார்த்தால் வாளி.
வாளியைப் பார்த்தால் அடியில் சாவி.
மூணு நிமிஷத்தில் யாரும் வெளியே வந்துவிடலாம்.

மேனேஜர் வில்பிரட் எனக்குச் சொல்லித் தந்தது வேறு:
சூரியன் பாக்க வாறவன் கூட்டமா வருவான்.
தனியா, பையில்லாம, அதுவும் நம்ம ஜில்லாக்காரன் வந்தா
ரூம் இல்லேன்னு சொல்லிரு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞானசிகாமணி, ஐம்பத்திரண்டு, குழித்துறை.
பஸ் பிடித்தால் ரெண்டு மணிநேரத்தில் வீடு.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'சும்மா'.
போகும் தேதியில் ஒன்றுமில்லை.
கையில் ஜவுளிக்கடை மஞ்சள் கவர்.
மழை.
இருநூற்றேழைக் கொடுத்துவிட்டேன்.

ரெண்டே காலுக்குச் செருப்பில்லாமல் இறங்கி வந்தார்.
"மொட்டமாடிக் கதவு பூட்டிக் கெடக்கே, தம்பி?"
அஞ்சு மணிக்குத்தான் சார் திறப்போம், உதயத்துக்கு.
"செரி" என்றார். போகவில்லை.
எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.
ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

> தட்டு
எனக்கு அந்தச் சொல் தெரியாது.
> கூப்பிடு
எனக்கு அந்தச் சொல் தெரியாது.
"ஆரைன்னு கேக்காதா இது?"
கேக்காது சார்.
> கட்டிலில் இரு
எனக்கு அந்தச் சொல் தெரியாது.
"இருக்கத் தெரியாததா!"
"செரி, ஜன்னல் வழியா கீழ ஆரு நிக்கான்னு பாரு."
> ஜன்னல் பார்
ஜன்னலுக்கு வெளியே கடல்.
"வேற ஆருமில்லியா?"
இல்ல சார்.
"கொள்ளாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தலையணையை எட்டு தரம் பார்த்தார்.
மேசையை எடுக்கப் பார்த்தார்.
குளியலறைப் பக்கம் போகவேயில்லை.
வாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.
மூன்றரை.
நான் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்கு டீக்காரப் பையன் வந்தான்.
குடித்துவிட்டு, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:
"சின்ன பின் சார்ஜர் உண்டுமா?"
பட்டன் போன். உயிர் வந்ததும்
மேசை மேல் வண்டுபோல் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது.
பார்த்தார். எடுக்கவில்லை.
மஞ்சள் கவரில் போட்டுக்கொண்டார்.

"கடேசியா ஒண்ணு அடி."
> போயிட்டு வாறேன்
எனக்கு அந்தச் சொல் தெரியாது.
"ஒனக்க மெஷினுக்கு மரியாதை தெரியாது கேட்டியா"
என்று சாவியை என் முன்னால் வைத்தார்.

மாடிக் கதவைத் திறந்து மணியடித்தேன்.
சூரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முழுக்கப்
போர்வையோடு படியேறியது.
அவர் வாசலில் இறங்கி நடந்தார்.
பஸ்ஸுக்குத்தான். கடலுக்கும்
முதல் நூறு அடி அதே வழி.

மறுநாள் ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
ஒரு பெண் "ஆரு?" என்றாள்.
பின்னால் யாரோ இருமினார்கள்,
ஆணா பெண்ணா என்று பிடிபடும் முன்
வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி ஒரு வரி சேர்த்தேன்.
'போயிட்டு வாறேன்' என்று சொன்னால்
சாவி வேண்டாம், கதவு தானாய்த் திறக்கும்.

இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.
எல்லோரும் வாளியைத் தூக்கிப் பார்த்துப்
போய்விடுகிறார்கள்.