வசதிப்படாது

செக்காலை ரோட்டில் என் கடை நாலடி அகலம்.
ஒரு நாற்காலி போட்டால்
வந்தவர் நின்றுதான் பேச வேண்டும்.

பாண்டிமீனா நின்றாள்.
ஸ்கூட்டரை அணைக்கவில்லை.
முன்னால் இரண்டு டின் மணகோலம்,
பின்னால் கயிறு கட்டிய சீப்புச்சீடை.
பத்தரைக்குள் பள்ளத்தூரில் இறக்க வேண்டும்,
பதினொன்றுக்கு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிடுவார்கள்.

"நேத்து ராத்திரி வரைக்கும் மேப் வந்துச்சுண்ணே.
காலையில தொறந்தா
வேற எங்கயோ கொண்டுபோயி விடுது."

வாங்கிப் பார்த்தேன்.
கட்டங்கட்டமாய் நிறம் மாறும் திரை,
ஆத்தங்குடித் தரையை
உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்தது போல.
சீட்டுப் பணத்தில் வாங்கிய போன்.
யாரும் கேட்காமல் கிடந்ததை
விலை குறைத்து அவள் தலையில் கட்டியவன் நான்தான்.

முகவரியைத் தட்டினேன்.
ஒரு நொடி தெருக்கள் தெரிந்த மாதிரி இருந்தது.
பிறகு வெள்ளைப் பக்கம்.
நடுவில் இரண்டு வரி, ஆங்கிலத்தில், மிக மரியாதையாக:
உங்கள் போனில் இது சரியாக இயங்காது,
நல்ல அனுபவம் உங்களுக்குக் கிடைக்காது.

"என்னண்ணே சொல்றான்?"
"வசதிப்படாதுங்கறான்."

சொன்ன பிறகுதான்
அந்தச் சொல்லை எங்கே கேட்டேன் என்று உறைத்தது.

கழனிவாசலில் ஒரு மாடி ரூம்.
தனி மீட்டர், போர் தண்ணீர், வடக்கே ஒரு ஜன்னல்.
சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே
ஊர் கேட்டார். சொன்னேன்.
ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன்.
சாவி சட்டைப் பைக்குள் போனது.
"ஒங்களுக்கு இங்க வசதிப்படாது தம்பி,
ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."
காபி கொடுத்தார். பேப்பர் கப்பில்.

அதை விடுங்கள், இவளுக்கு நேரமாகிறது.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும்
நமக்கு முன்னால் போன் போய் வாசலில் நின்று
தன் பெயரைச் சொல்கிறது.
இன்ன கம்பெனி, இன்ன உலாவி, இன்ன வயது.
நம் காதுக்கு அது விழாது.
விழ வேண்டியவனுக்கு விழும்.

பெயரை மாற்றிச் சொல்லவிடும்
வேறொரு உலாவியை ஏற்றினேன்.
பட்டியலில் போட்டிக் கம்பெனிப் போனின் பெயரைத் தொட்டேன்.
அவ்வளவுதான்.
ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

பள்ளத்தூர் முழுசாக வந்து உட்கார்ந்தது.
பெருக்கினேன், சுருக்கினேன், எங்கும் திக்கவில்லை.
ஒரு வீட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன்,
இழுக்க இழுக்கப் போய்க்கொண்டிருந்தது.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.

"நல்லாத்தானே ஓடுது!
அப்ப ஏண்ணே ஓடாதுன்னான்?"

ஸ்டாண்டில் ஸ்கூட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?"
"ஒண்ணும் வேணாம்."
"பேரை மாத்துறது தப்பில்லையே?"

இப்போது நான் குடியிருக்கும் வீட்டின்
வாடகைப் பத்திரத்தில் என் ஊர் மதுரை.
குழாயில் தண்ணீர் சரியாக வருகிறது.
ஃபேன் சரியாகச் சுற்றுகிறது.
ஒரு வருஷமாய் எல்லாமே சரியாகத்தான் ஓடுகிறது,
அம்மா என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லும்
நாட்களைத் தவிர.

பதினொன்றே காலுக்குப் போன் செய்தாள்.
"சேத்துட்டேண்ணே.
முன்பக்கம் போயி பெல் அடிச்சா
பின் தெரு வழியா வரச் சொல்லிட்டாங்க.
மறுபடி ஒரு சுத்து.
மேப்புல அந்தத் தெருவும் இருக்கு."

நாலு நாள் கழித்துத் தடையை எடுத்துவிட்டார்கள்.
சோதித்துப் பார்த்தார்களாம்,
எல்லாப் போனிலும் நன்றாக இயங்குகிறதாம்.
மன்னிப்பு மாதிரி ஒரு வாக்கியமும் இருந்தது.

பாண்டிமீனா சார்ஜர் வாங்க வந்தபோது
பழைய பெயருக்கே மாற்றித் தரட்டுமா என்றேன்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்ணே."