முப்பத்தேழாம் எண்

ஏப்ரல் இரண்டாம் சனி. சஸ்காட்சுவானில்
பள்ளங்களில் மிஞ்சிய பனி
அழுக்குப் பஞ்சாய்க் கிடந்தது.
ஓரெஸ்ட் ஹனாட்யுக்கின் நாற்பது வருஷச் சாமான்கள்
சேற்றில் வரிசை கட்டி நின்றன,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டி.

ஏலத்துக்கு வருகிறவள் முதலில்
கையுறையைக் கழற்ற வேண்டும்.
புதுப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்,
அடியில் வெல்டிங் தழும்பு இருக்கும்.
ஆயில் குச்சியை உருவு;
பால் விட்ட காபி நிறமென்றால்
எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, நகர்ந்துவிடு.
மீட்டர் நாலாயிரம் மணி என்று சொல்லும்,
தேய்ந்த பெடல் ஒன்பதாயிரம் என்னும்.
பெடலை நம்பு.
தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.

நான் விதைக் கருவியைப் பார்த்தேன்,
தானியக் குழாயைப் பார்த்தேன்,
துருப்பிடித்த போல்ட்டுகள் நிறைந்த வாளியைக்கூட
கிளறிக் கிளறிப் பார்த்தேன்,
முப்பத்தேழாம் எண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அந்தச் சிவப்பு டிராக்டரின் இடது படியில்
கோணலாய் ஓடுவது நான் போட்ட வெல்டிங்.
பதினோரு வருஷத்துக்கு முன்
ஓரெஸ்டுக்கு விற்றவள் நான்.

காலையில் அது ஸ்டார்ட் ஆகவில்லை.
சாவியைத் திருகினால் ஒரு 'டிக்'. அதோடு சரி.
பையன்கள் மூடியைத் தூக்கிப் பார்த்து,
உதட்டைப் பிதுக்கி,
தேவாலயத்துப் பெண்கள் விற்ற
பீட்ரூட் சூப்பைத் தேடிப் போய்விட்டார்கள்.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு.
ஆள் உட்கார்ந்தால்தான் அது உயிர் கொடுக்கும்,
ஈரக் காற்றில் அதுவும் தூங்கிவிடும்.
சாக்குத் துண்டை நாலாய் மடித்து
இடது ஓரம் செருகி
அந்தப் பக்கமாகச் சாய்ந்தால் போதும்.

விற்ற அன்று நல்ல வெயில்.
சாக்கை உருவிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
அவன் கேட்கவில்லை
என்று பதினோரு வருஷம்
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவன் பேட்டரி மாற்றினான். இன்னொன்றும் மாற்றினான்.
ரெஜைனாவிலிருந்து மெக்கானிக் இரண்டு முறை வந்தான்
என்று கடையில் சொன்னார்கள்.
நான் பால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

க்ளேட்டனின் குரல்
தகரத்தில் ஆலங்கட்டி விழுவது போல.
ஐயாயிரம் என்று தொடங்கினான், காற்றுதான் பதில்.
மூவாயிரம். யாரோ தும்மினார்கள்.
ஆயிரம் என்றதும்
பழைய இரும்புக்காரன் முகவாயைத் தூக்கினான்.
நான் அட்டையைத் தூக்கினேன்.
அவன். நான்.
ஆயிரத்து முன்னூறு டாலர், அடிமாட்டு விலை,
ஒரு தரம்.
ஓரெஸ்ட் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துத்
தலையசைத்தான்.
உடைக்கிறவன் கைக்குப் போகாமல்
தெரிந்தவள் கைக்குப் போகிறதே என்று
கண்ணில் அவ்வளவு நன்றி.
இரண்டு தரம்.
மூணு தரம்.

"ஓடாத வண்டியை எப்படிக் கொண்டுபோவாய், மார்வா?
இரு, சங்கிலி எடுத்து வருகிறேன்."
கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
நாலாய் மடித்த சாக்கைப் பிடித்திருந்தன.
வேண்டாம் என்று சொல்ல
ஒரு வார்த்தைதான் தேவை.

சங்கிலி மாட்டினான்.
ஏலத்துக்கு விடாமல் வைத்திருந்த பிக்கப்பில்
நாலு மைல், சேறும் சரளையுமாய், மெதுவாக,
கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து
இழுத்துப் போனான்.
கல்லாய்க் கனத்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
நான் மேலே.
என் வாசலில் பெட்ரோல் காசு நீட்டினேன்,
சீ, வை உள்ளே, என்றான்.

சாவி பைக்குள்தான் இருந்தது.
அது எப்படியும் ஸ்டார்ட் ஆகியிருக்காது.
இருந்தும் வழி முழுக்க
வலது பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.