நாற்பத்தொன்றாம் எண் வாசல்

ஹில்க்காவுக்கு வலி எதுவும் இல்லை.
கனரக வாகன உரிமத்தைப் புதுப்பிக்கக்
கொடுத்த ரத்தம்தான்
காட்டிக்கொடுத்தது.

பதிமூன்று லட்சத்து எண்பதாயிரம்.
நான்கைத் தாண்டினாலே அதிகமாம்.

தட்டணுக்களை ஃபின்லாந்துக்காரர்கள்
ரத்தச் செதில் என்பார்கள்.
குவோப்பியோவின் கூரைகளில் விழுவதும்
அதே செதில்தான், பனிச் செதில்.
"அப்படியானால் எனக்குள்ளேயும் பொழிகிறது" என்றாள்.
டாக்டர் ஓயாலா சிரிக்கவில்லை.

இத்தனை இருந்தும் ஒருநாள்
மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது,
கையுறை மேல், ஸ்டியரிங் மேல்.
அடைக்க வந்தவர்கள் அளவுக்கு மீறிக் கூடிவிட்டால்
அடைப்பு நடக்காது என்பது
இருபத்தாறு வருடம் நகராட்சியில்
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவளுக்குப்
புரியாத விஷயமா?

முதலில் வேறொரு ஜீனைச் சந்தேகித்தார்கள்.
அது நிரபராதி.
பிறகுதான் கண்டார்கள்
ஒன்பதாம் குரோமோசோமின் வாலும்
இருபத்திரண்டாவதின் வாலும்
இடம் மாறி ஒட்டிக் கிடப்பதை.
குட்டையாகிப் போனதற்குப்
பிலடெல்பியா என்று பேராம்.
ஹில்க்கா ஸ்வீடனைத் தாண்டியதில்லை.

தினம் ஒரு மாத்திரை.
காலையில் இமை வீங்கும்,
ராத்திரியில் கெண்டைக்கால் முறுக்கும்.
இரண்டு குளிர்காலம் எண்கள் இறங்கின.
மூன்றாவது மார்ச்சில் திரும்பி
ஏறத் தொடங்கின.

முந்நூற்றுப் பதினைந்தாம் இடத்தில் பிறழ்வு.
மாறியது ஒரே ஓர் எழுத்து.

தமிழில் எழுதுகிற எனக்கு இது புதிதில்லை.
பனிக்கு ஒரு சுழி கூடினால் பணி.
பணியின் தலையில்
மேல்விலங்கு பூட்டினால் பிணி.
அவளிடம் இதை எப்படிச் சொல்ல?

டாக்டர் அவள் மொழியில் சொன்னார்:
"அந்த இடம் ஒரு வாசல்.
மாத்திரை நுழைகிற வாசல்.
இப்போது அங்கே கொஞ்சம் மேடு தட்டிவிட்டது."

மேடு அவளுக்குத் தெரியும்.
தெருவைத் துப்புரவாக வாரிக்கொண்டு போகையில்
கத்தியின் ஓரம் வழிகிற பனி
வீட்டுக்கு வீடு வாசலை மறித்து
வரப்பு கட்டிவிடும்.
விடிந்ததும் புகார் வரும்.
நாற்பத்தொன்றாம் எண் ஹுஸ்கோனென்
மாதம் இரண்டு தரம்,
தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு.

புது மாத்திரை வெள்ளிக்கிழமை வரும்.
மேட்டில் முட்டாமல் நுழையுமாம்.
இதயத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டுமாம்.
எல்லாம் "ஆம்" தான், இப்போதைக்கு.

இன்று வியாழன்.
அதிகாலை மூன்று மணி, மைனஸ் பதினொன்று.
நாற்பத்தொன்றின் முன்னால் வண்டியை நிறுத்துகிறாள்.
நிறுத்தக் கூடாது, விதி.
இருக்கைக்குப் பின்னாலிருந்து
மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கி
அந்த வரப்பைக் கையாலேயே வெட்டித் தள்ளுகிறாள்,
ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு.

மூச்சு வாங்குகிறது.
சன்னலில் விளக்கு எரிந்து
திரைச்சீலை கொஞ்சம் விலகி
விலகியபடியே நிற்கிறது.

அவள் வெட்டிய இடத்தில்
அதற்குள்
மெல்லிசாக வெள்ளை.