நாற்பத்து நான்கு

திங்கட்கிழமை என் பெயரை மறைத்துவிட்டார்கள்.
ஹெல்மெட்டில் 'ஹாஃப்ஸ்டாட்' என்றிருந்த வெள்ளைத் துண்டின் மேல்
கறுப்பு நாடா.
மஞ்சள் பனியன், முதுகில் 44.
"வெள்ளி வரை நீதான் டைக்ஸ்" என்றார் கோச் விண்டல்,
சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கியபடி.
மூன்று வருடமாகப் பெஞ்சைத் தேய்த்தவனுக்குக்
கிடைத்த முதல் வேடம்
எதிரி.

டன்மோர் கல்லூரிக்கும் எங்களுக்கும் நடுவே
ஓர் ஆறு, ஒரு பாலம், ஒரு பித்தளை வாளி.
வென்றவர் வாளியைத் தூக்கிப் போவார்கள்.
எட்டு வருடமாக அது அக்கரையில்.
எங்கள் கண்ணாடிப் பேழையில்
வாளி இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு கறை;
துடைக்க வேண்டாம் என்று உத்தரவு.

கார்வெல் டைக்ஸ். லைன்பேக்கர். ஆறடி இரண்டு.
நூற்றைந்து கிலோ என்கிறது அவர்கள் அச்சடித்த தாள்.
தாளை நம்பாதே,
அவன் விழும்போது பெயரும் புல்லைப் பார்.
இடப்பக்கம் ஓட்டம் வந்தால் கதவைச் சாத்திவிடுவான்.
வலப்பக்கம் திரும்ப அரை மூச்சு தாமதம்.
பந்தைக் கொடுப்பதுபோல் கொடுக்காமல் போனால்
ஒருமுறை ஏமாறுவான்.
மறுமுறை, ஏமாந்ததுபோல் நிற்பான்.
பெயர்தான் கால்பந்து;
அவன் பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததில்லை.

இரவுகளில் வீடியோ அறை. நானும் ஹீட்டரின் முனகலும்.
பின்னோக்கி ஓட்டினால்
அவன் சாய்த்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.
தொட்டுத் தூக்கி நிறுத்திவிட்டு
மன்னிப்புக் கேட்பவன்போல்
பின்னடி வைத்துப் பின்னடி வைத்து
தன் இடத்துக்குப் போய்விடுகிறான்.

இதை மட்டும் கோச்சின் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

புதன், பயிற்சி. உறைபனி இறுக்கிய மண்.
எங்கள் குவார்ட்டர்பேக் ஒரின் தாசெட்
எண்ணிக்கை கூப்பிடுகிறான்.
நான் குனிகிறேன், டைக்ஸ் குனிவதுபோல்,
இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்கி.
பாயப்போகிற நொடியில்
என் வலது கை
இடுப்பில் செருகிய துண்டைத் தொட்டது.

நான் தொடவில்லை. கை தொட்டது.

அன்றிரவு ஒன்பது ஆட்டங்களை மறுபடி ஓட்டினேன்.
பாயும்போதெல்லாம் தொடுகிறான்.
பாயாதபோது ஒருபோதும் இல்லை.
படித்த பயிற்சியாளர்கள் நான்கு பேர் காணாததை
என் உடம்பு எங்கிருந்தோ திருடி வைத்திருந்தது.

சொல்லாமலே வைத்திருக்கலாம் என்றும் தோன்றியது.
வியாழன் முழுக்கத் தோன்றியது.
மண்ணியல் தேர்வில், சாப்பாட்டு வரிசையில்,
பல் துலக்கும்போது.
இத்தனை நாளில் ஒருவன்
என்னிடம் முழுதாக நம்பிக் கொடுத்தது இது ஒன்றுதான்;
அவனுக்கு என்னைத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சொன்னேன்.
சூயிங்கம் நின்றது.
வெள்ளைப் பலகையில் கோச் ஒரு கையை வரைந்தார்,
குழந்தை வரைந்ததுபோல், ஆறு விரலோடு.
யாரும் சிரிக்கவில்லை.
ஒரின் என் தோளில் ஒரு குத்து விட்டான்,
அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி மாலை நாடாவைக் கிழித்தார்கள்.
என் பெயரின் பாதியும் அதோடு வந்துவிட்டது.

சனி.
சோளம் அறுத்த வயல்களைத் தாண்டி வந்த லாரிகள்,
முழங்கால்வரை போர்வை சுற்றிய ஜனம்.
டைக்ஸ் ஓடி வருகிறான்.
வீடியோவில் இருந்ததைவிடச் சின்னவன்.
ஜலதோஷம்போல; புறங்கையால் மூக்கைத் துடைக்கிறான்.
அந்தப் புறங்கையை எனக்குத் தெரியாது.

எதிர்ப் பெஞ்சில் கண்ணால் துழாவுகிறேன்.
அங்கேயும் ஒருவன்
ஐந்து நாள் ஒரினாக இருந்து களைத்திருப்பான்.
ஒரினைப் பற்றி அவன் எதைச் சொல்லிக் கொடுத்தானோ.

விசில்.
டைக்ஸ் குனிகிறான்.
இடது குதிகால் எழுகிறது.
கோட்டுக்கு வெளியே, தொப்பியும் கையுறையுமாய் நிற்கும்
என் வலது கை
இடுப்புக்குப் போகிறது.

அவன் கை
இன்னும் அசையவில்லை.