முந்நூறு லிட்டர்

ஒகேனக்கல் தண்ணீர் வந்து ஆறு நாள்.
அடைப்பெடுக்க முந்நூறு லிட்டர் வேணும் என்கிறான் திம்மராஜ்.
தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

மாடிவீட்டுக் களிப்பானை என்று கீழே,
கீழ்வீட்டு மீன்செதிள் என்று மேலே,
குமாரசாமிப்பேட்டைச் சந்தில்
இரண்டு வாரமாய் வழக்கு.
வீட்டுக்கார முனிரத்தினம்மா தீர்ப்பு:
யாருது வருதோ அவங்க பணம்.

மோட்டார் உறுமியது.
பின்பக்கம் தண்ணீரை உதைத்து உதைத்து
ஓஸ் தானே இருட்டுக்குள் ஊர்ந்தது.
பதினெட்டு அடி, இருபது.
ஓரிடத்தில் நின்று நடுங்கியது.

களியில்லை. செதிளில்லை.
முடி.
சோப்பேறி, மணிக்கட்டுத் தடிமனில்,
ஒரு சடை நீளம்.

ஊசி போட்டுக்கொண்டு வந்த வாரங்களில்
வீணாகிறதென்று தெரிந்தே
குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் நான் வாரியது.

எல்லோரும் என் முக்காட்டைப் பார்த்தார்கள்.
பிறகு சுவரை.

"களிதான். நல்லா பாருங்க,
எங்க வீட்டுக் களிதான்"
படியிறங்கி வந்தாள் பச்சியம்மா,
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.
ஐந்நூறு, ஐந்நூறு, ஓர் இருநூறு.

திம்மராஜ் எண்ணிப் பார்க்கவில்லை.
சாக்கில் அதைச் சுற்றி
வண்டியின் அந்தப் பக்கம் வைத்தான்.

தொட்டியில் மிச்சம்
இரண்டு குடம்.
ஒன்றை மாடிக்குத் தூக்கிப் போனேன்.