நாற்பத்தோராவது தகடு

காட்பாடி. மே மாதம். பிற்பகல் மூன்று.
ஏசி ஓடுவது குரோமடோகிராஃபுக்காக,
எனக்காக இல்லை.

நகத்தளவு செம்புத் தகடு
பைகார்பனேட் கரைசலில் நிற்கிறது.
அடியிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாய் ஏறும்.
மின்சாரம் விட்டால்
அதன் ஆக்சிஜனைக் கழற்றி ஹைட்ரஜனை மாட்டி
அடுப்பில் எரிகிற மீத்தேனாக
அனுப்பிவைக்கும் செம்பு.

முதல் ஒரு மணி நேரம் புதுமாப்பிள்ளை.
திரையில் மீத்தேன் முகடு வள்ளிமலைபோல் எழும்.
இரண்டாம் மணியில் மேடு,
நான்காம் மணியில் வரப்பு.
பிறகு வந்த வேலையை மறந்து
தண்ணீரை மட்டும் உடைத்துக்கொண்டிருக்கும்.

நாற்பது தகடுகள் இப்படி.
தீப்பெட்டிகளில் தேதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

களிம்பு செம்போடு கூடப் பிறந்தது,
உலோகத்தை மாற்று என்றார் சார்.
வெள்ளி கலந்தேன்.
அது மோனாக்சைடோடு நிறுத்திக்கொண்டது.
பாலிமர் பூசினேன்.
வெயிலில் வெந்த முதுகாய் உரிந்தது.

பேரணாம்பட்டு ஃபர்ஹானாதான்
செத்த தகடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தாள்.
"செம்பு எங்கயும் போகலடி.
மேல யாரோ வந்து உக்காந்திருக்காங்க."
துத்தநாகம். கொஞ்சம் இரும்பு.

தண்ணீரில் வந்தது என்றதும்
எல்லாக் கைகளும் பாலாற்றைக் காட்டின.
ராணிப்பேட்டை, வாணியம்பாடி, தோல் ஷெட்டு:
குற்றவாளியின் விலாசம்
எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.
போர்வெல், தொட்டி, குழாய் என்று
மூன்று புட்டிகளில் பிடித்துச் சோதித்தேன்.
போர்வெல்லில் உப்பு இருந்தது,
துத்தநாகம் இல்லை.
அது எங்கள் கட்டடத்து ஜிஐ பைப்பில் புறப்பட்டு
ஜனவரியிலேயே மாற்றியிருக்க வேண்டிய
வடிகட்டியைத் தாண்டி வந்திருந்தது.

வடிகட்டி மாற்றும் பட்டியல்
கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
ஜனவரிக்கு நேராக என் பெயர்.

புது வடிகட்டி போட்டும்
உப்புப் பொட்டலத்தோடு வருகிற துளி இரும்பு போகவில்லை.
அதற்கு முந்தின இரவே
வேறொரு செம்பைக் கரைசலில் இறக்கி
மெல்லிய மின்சாரம் விட்டுவைத்தேன்.
வருகிற அழுக்கெல்லாம் அதன்மேல் உட்காரட்டும்.
விடிந்ததும் அதை எடுத்துவிட்டு
வேலை செய்கிற தகட்டை இறக்கினேன்.
சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார் தெய்வசிகாமணி.
"இன்னாம்மா, ராத்திரிக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணா?
எங்க வாட்ச்மேன் ஷிப்ட்டு மாதிரி."

நாற்பத்தொன்று
நான்காம் மணியைத் தாண்டியது.
நள்ளிரவில் ஃபர்ஹானாவுக்குப் படம் அனுப்பினேன்.
முகடு அப்படியே நின்றது.

முப்பத்தொரு மணி நேரம்.
பிறகு அதுவும் சரிந்தது,
யாரும் வந்து உட்காராமலே,
தன் மேற்பரப்பைத் தானே கலைத்துப்போட்டு.
சார் சொன்னதில் பாதி சரி.

நோட்டில் 31 என்று எழுதினேன்.
இரவுத் தகட்டுக்குத் தீப்பெட்டி இல்லை, எண் இல்லை.
அது எதையும் தயாரிக்கவில்லை.
ஜன்னல் கட்டையில் சாம்பலாய்க் கிடக்கிறது.
வெயில் திரும்பும்போது
ஓரத்தில் மட்டும் செம்பு தெரிகிறது.